கருப்பும் கருப்பும்

"கோழியும் கருப்பு, சேவலும் கருப்பு. வெள்ளைக் குஞ்சு எப்படி வரும்?" என்றார் சிட்டிபாபு.

வெதுருகுப்பத்துக்குக் கம்பெனி கோழிப் பண்ணை வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஷெட் ரங்கையாவுடையது. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. ஐயாயிரம் குஞ்சும் வெள்ளை. சிட்டிபாபு கம்பெனி சூப்பர்வைசர். ஷெட் பெருக்கும் செல்லியம்மாவின் வீட்டில், கருப்புக் கோழியின் பின்னால் ஒரு வெள்ளைக் குஞ்சு ஓடியதை அவர் பார்த்துவிட்டார்.

"நான் எடுத்தாரல சார். அது போட்ட முட்டையில வந்தது" என்றாள் செல்லியம்மா. புருஷன் குவைத்துக்குப் போய் ஏழு மாதமாகத் தகவல் இல்லை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த வேலைதான் சோறு.

மிஷன் பள்ளி வாத்தியார் கிளமென்ட் குறுக்கே வந்தார். இறகு நிறத்துக்காகவே பத்து வருடமாகக் கோழி வளர்ப்பவர். எந்தச் சேவலைப் பார்த்தாலும் அதன் தாத்தா என்ன நிறம் என்று விசாரிப்பார்.

"வெள்ளை ரெண்டுலயும் ஒளிஞ்சிக்கினு இருக்கும் சார். வெளிய தெரியாது. ரெண்டும் சேந்தா நாலுல ஒண்ணு வெளிய வரும்."

"ஒளிஞ்சிக்கினு இருக்கறத நீங்க பாத்தீங்களா, மாஸ்டாரு?"

கடைசியில் ஒப்பந்தமாயிற்று. அதே ஜோடியைக் கிளமென்ட் தன் வீட்டுக் கூண்டில் தனியே அடைப்பார். பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் ஒவ்வொன்றிலும் சிட்டிபாபு ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்துப் போடுவார். வெள்ளை வந்தால் செல்லியம்மாவுக்கு வேலை. வராவிட்டால் திருட்டு. அதுவரை அவள் ஷெட் பக்கம் தலைகாட்டக் கூடாது.

கோழி அடைக்கு உட்கார்ந்தது. ஊரும் கூடவே உட்கார்ந்தது. டீக்கடையில் நாள் எண்ணினார்கள். சர்ச்சில் யாரோ வெள்ளைக் குஞ்சுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். செல்லியம்மா கங்கம்மாவுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

இருபத்தோராம் நாள் காலையில் கிளமென்ட் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. எப்போதும் இரண்டு கையையும் வீசி நடக்கும் சிட்டிபாபு, அன்று ஒரு கையைச் சட்டைப் பைமேல் வைத்தபடி வந்தார்.

கோழியைத் தூக்கினார்கள்.

கருப்பு. கருப்பு. இன்னொரு கருப்பு. பிறகு, ஈரம் காயாத ஒரு வெள்ளை.

கிளமென்ட் தான் வாத்தியார் என்பதை மறந்து குதித்தார். அதற்குள் இரண்டாவது வெள்ளையும் ஈரத்தோடு தலையை நீட்டியது. மூன்றாவது வெள்ளை நன்றாகக் காய்ந்திருந்தது. கூடையைத் தாண்டிக் குதித்து நொய் பொறுக்கப் போயிற்று. நான்காவதன் வால் லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது.

சிட்டிபாபு ஒரு கையாலேயே எண்ணினார். ஓடு பன்னிரண்டு. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. குஞ்சு பதினான்கு.

ரங்கையா புளியமரத்தின் உச்சியை ஆராயத் தொடங்கினார். காய்ந்த குஞ்சு அவர் காலையே சுற்றி வந்தது.

கிளமென்ட்டின் காதோடு அவர் மனைவி ஈவ்லின் சொன்னாள்: "சித்தூர் பஸ் ஸ்டாண்டுல சாயம் போட்ட குஞ்சுதான் கெடச்சது. எவ்ளோ சோப்பு போட்டும் போவல."

"என்ன நம்பலியா நீ?"

"உங்கள நம்பறேன். கோழியத்தான் நம்பல."

செல்லியம்மா முன்னால் வந்தாள். குனிந்து, ரோஸ் வாலையும் காய்ந்ததையும் பிடித்துச் சிட்டிபாபுவிடம் நீட்டினாள்.

"ரெண்டு அதிகமா கீது சார். இது எங்களுது இல்ல."

சிட்டிபாபு குஞ்சுகளைப் பார்த்தார். ரங்கையாவைப் பார்த்தார். ஈவ்லினைப் பார்த்தார்.

"ரெண்டு முட்டை ரெட்டைக் கருவா இருந்திருக்கும். நாளைக்கு வேலைக்கு வாம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வேகமாக நடந்தார்.

வாசலைத் தாண்டுவதற்குள், அவர் சட்டைப் பை கீச்சென்று கத்தியது.