கொல்லிமலைப் பூ

"அத்தா, நம்ம ஆர்க்கிட் புது இனம்தானுங்களாம்! உலகத்துல யாருமே இதைப் பார்த்ததில்லையாம்!"

ஆராய்ச்சி மாணவி அஜீஸா துள்ளினாள். பூச்செடிப் பைத்தியமான மகளுக்கு அதைக் கொல்லிமலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவரே நசுருல்லாதான்.

"நீங்க குடுத்த செடி கருகிப்போச்சு. மலை பூராவும் தேடிட்டோம், வேறெங்கயும் இல்ல. எடுத்த இடத்தை இப்பவாவது காட்டுங்க."

"அந்த மரம் இப்ப இல்ல கண்ணு."

"பக்கத்து மரத்துல இருக்குமுங்க அத்தா. ஒண்ணு கிடைச்சாலும் இனம் பொழைச்சுக்கும்."

நசுருல்லா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சரிவு முழுவதையும் விலைபேசி, ஒரு மரம் விடாமல் அறுத்து நாமக்கல்லில் இருக்கும் தன் மர மில்லுக்கு அனுப்பியவர் அவர். கடைசி லாரியின் கடைசி மரத்தில் ஒட்டியிருந்த செடி அது.