தணிகாசலத்தின் சிரிப்பு

'எதிர்வீட்டு ஏகாம்பரம்' காமெடித் தொடரை நானும் என் கணவர் தணிகாசலமும் எத்தனை முறை பார்த்திருப்போமோ, கணக்கே இல்லை. ஏகாம்பரம் குக்கரோடு லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் காட்சியில், விசில் வருவதற்கு முன்பே அவர் சிரிக்கத் தொடங்கிவிடுவார். சிரிப்பு இருமலில்தான் முடியும்.

அவர் இறந்த பிறகு, என் அக்கா மகள் தாரணி டிவியில் அந்தத் தொடரைப் போட்டு, ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றி வைத்தாள்.

"இனிமே ஜோக்குக்குப் பின்னாடி கேக்கற ரெடிமேட் சிரிப்புக்குப் பதிலா சித்தப்பா சிரிப்புதான் சித்தி. இத்தனை வருஷமா டிவி கேட்டுக்கிட்டுதானே இருந்துச்சு, இனி அதுவே அவர் மாதிரி சிரிக்கும்."

விசிலுக்கு முன்பே சிரிப்பு வந்தது. இருமலும் வந்தது. நான் அழுதுவிட்டேன்.

அடுத்து, தானாகவே வளைகாப்பு எபிசோடு ஓடத் தொடங்கியது. நாங்கள் எப்போதும் தாண்டிவிடுகிற எபிசோடு அது. பிள்ளையில்லாத மருமகளை, வளையல் போட வந்த இடத்தில் மாமியார் எல்லோர் முன்னாலும் விரட்டுவாள். அதுதான் காமெடியாம், தூ! முதன்முதலில் அது வந்தபோது தணிகாசலம் டிவியை அணைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே "காபி போடட்டுமா?" என்று கேட்டார். எங்களுக்கும் பிள்ளை இல்லை.

இப்போது மாமியார் சொன்னாள், "மலடியெல்லாம் தள்ளி நில்லு!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இருமினார். மறுபடியும் சிரித்தார்.

நான் எழுந்துவிட்டேன்.

"பாருங்க சித்தி, சித்தப்பா எப்படி ரசிக்கறார்!" என்றாள் தாரணி.

"ஒயரைப் பிடுங்குடி. எவனோ ஒருத்தன் என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கான்."