ஆனந்தி வீட்டில் எத்தனை பேர்?

"இருக்கிறது மூணு பேரு. நாலுன்னு எழுதி வச்சிருக்கியே ஆனந்தி, இது எந்த ஊரு நியாயம்?"

பிலோமி கேட்டது லயத்தின் கோடி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. கொழுந்துக் காட்டில் மேட்டுக்கும் பள்ளத்துக்குமாகக் கத்திப் பழகின தொண்டை.

சித்திரபுரத்தை ஒட்டி, தேயிலைத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற எஸ்டேட் லயம் அது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வாலண்டியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். கேஸ் டியூப் வெடித்திருக்கிறதா, ஒயர் தோலுரிந்து தொங்குகிறதா, படுக்கிற இடத்துக்கு மேலே பரணில் கனமான சாமான் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில், வீட்டில் எத்தனை பேர் என்று அந்த வீட்டுக்காரர்கள் எழுதி வைத்திருக்கிற பாரத்தை வாங்கிக்கொள்வார்கள்.

இந்த லயத்து வாலண்டியர்களுக்குத் தலைவி பிலோமி. கூட வந்திருந்தவர் சங்கையா, ரிட்டையரான கங்காணி.

ஆனந்தி வீட்டில் மற்றதெல்லாம் சுத்தம். கேஸ் டியூப் புதுசு. கதவுப் பக்கத்திலேயே டார்ச் தொங்கியது. ரேஷன் கார்டும் ஆதாரும் பிளாஸ்டிக் கவரில் தயாராக இருந்தன. பிலோமிக்கே சந்தோஷமாகிவிட்டது. பாரத்தைப் பார்க்கிற வரைக்கும்.

மொத்தம் நாலு. பேர் மட்டும் மூணு. ஆனந்தி, புருஷன் பிரதீப், மகள் இந்து. நாலாவது வரி காலி.

"நாலாவது ஆளு யாரு?"

"பேர அப்பறமா எழுதித் தர்றேங்க்கா. நீங்க மத்த வீட்டப் பாத்துட்டு வாங்க."

"ஏன், இன்னும் பேரு வைக்கலையா?" என்று சங்கையா சிரித்தார்.

ஆனந்தி சிரிக்கவில்லை.

பிலோமி வாசலை எட்டிப் பார்த்தாள். செருப்பு மூணு ஜோடி. கொடியில் துணி மூணு பேருக்கானது. அடுப்படியில் தட்டு மட்டும் நாலு கழுவிக் கவிழ்த்திருந்தது. தட்டு யார் வேண்டுமானாலும் நாற்பதுகூட வைத்துக்கொள்ளலாமே என்று அதை விட்டுவிட்டாள்.

"ஆனந்தி, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. போன மழைக்கு முகாம்ல ஒரு வீட்டுக்காரங்க மூணை அஞ்சாக்கி, ரெண்டு பாயும் ரெண்டு போர்வையும் கூட வாங்கிட்டுப் போனாங்க. பஞ்சாயத்து மெம்பர் என்னையத்தான் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குனாரு!"

"எனக்குப் பாயும் வேண்டாம், போர்வையும் வேண்டாங்க்கா."

"அப்பறம் எதுக்கு இந்த நாலு?"

பிலோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பக்கத்து வீட்டில் இருந்த பொம்பளை, ஒரு போர்வைக்கு இப்படி இறங்கிவிட்டாளே என்று வருத்தமாகவும் இருந்தது.

"என் பாரத்தத்தானே மாதிரிக்குன்னு கூட்டத்துல காட்டுனேன்? நான், எங்க வீட்டுக்காரரு ஜோபி, மக சோனா. மூணு பேரு. கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. நீயும் பாத்தல்ல?"

"பாத்தேங்க்கா," என்றாள் ஆனந்தி.

"பாத்தும் புத்தி வரலையே!"

பிலோமி பேனாவை எடுத்தாள். நாலை அடிக்கப் போனவளின் கையை ஆனந்தி பிடித்துக்கொண்டாள்.

"என்னைய என்ன வேணாலும் பேசுங்க. நாலை மட்டும் மூணாக்கிராதீங்க."

"விடு பிலோமி," என்றார் சங்கையா. "சாயங்காலம் கூட்டம் இருக்குல்ல. எல்லாரு முன்னாடியும் கேட்டாத் தன்னால வாய் தொறக்கும்."

ஆனந்தி பதறிப்போனாள். "கூட்டத்துல வேண்டாண்ணே! கும்பிட்டுக் கேக்குறேன்."

"பயமா இருக்கோ?"

"ஆமாண்ணே, பயந்தான்."

"தப்புப் பண்ணுனா பயம் வரத்தான செய்யும்," என்று சொல்லிவிட்டு, தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார் சங்கையா.

அவர் தலை மறைகிற வரைக்கும் ஆனந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் பிலோமியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு முன்னாடி சொன்னா ஒங்களுக்குத்தாங்க்கா அசிங்கம். அதான் பேசாம இருந்தேன்."

"எனக்கா? எனக்கென்னடி அசிங்கம்?"

"ரெண்டு வருசம் முன்ன, குடிச்சிட்டு வந்தாருன்னு ஒங்க அண்ணன் மத்தியாஸ வெளிய தள்ளிக் கதவச் சாத்துனீங்கல்ல? மேட்டுல பூட்டிக் கெடக்குற பூச்சி மருந்து ஸ்டோரு திண்டுலதான் இப்பப் படுத்துக்கிறாரு. ராத்திரிச் சோறு மட்டும் இங்க வந்து தின்னுட்டுப் போவாரு."

பிலோமி வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் கீழே அடிமாலிப் பக்கம் எங்கோ வேலைக்குப் போய்விட்டான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சொல்லிச் சொல்லி அவளே நம்பியும் விட்டாள்.

"அதுக்கு... ஒன் வீட்டுப் பாரத்துல எதுக்கு?" குரல் முதல் தடவையாக மெதுவாக வந்தது.

"ஸ்டோருக்கு மேல மண்ணு வெடிச்சு நிக்குதுக்கா. சரிஞ்சா, லிஸ்ட்டுல இருக்குற ஆளத்தான் தோண்டித் தேடுவாங்களாம். ஒங்க வீட்டுப் பாரத்துல அவரு பேரு இல்ல. தேட ஆளில்லாம போயிரக் கூடாதுன்னுதான் எங்க வீட்டு ஆளாச் சேத்துக்கிட்டேன்."