வெளிச்சம் பிடிக்கிறவர்

மாகறலில், மாட்டுக்கொட்டகை முன்னால் கேமராவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள் மங்கம்மா. கறவை மாடு வளர்த்து அவள் முன்னேறிய கதையை மகளிர் குழுவுக்காகப் படம்பிடிக்க வந்திருக்கிறான் தினேஷ்குமார். அவள் முகத்தில் வெளிச்சம் விழ, வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் புருஷன் வேதகிரி. நல்ல புடவை வேண்டாம் என்று தினேஷ்குமார் சொன்னபோதே அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அப்புறம் மைக்கில் சத்தம் வருகிறது என்று வளையல்களைக் கழற்ற வைத்தான். அவை மடியில் கிடக்கின்றன. "பாக்கறவங்க மனசு உருகணும்க்கா. அந்தப் பொட்டையும் அழிச்சிடுங்க," என்கிறான் இப்போது. அட்டை லேசாக ஆட, அவள் கன்னத்து வெளிச்சமும் ஆடுகிறது. வளையல்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள் மங்கம்மா. "உன் கதையில இவர இன்னா பண்ணிக்கீற தம்பி?"