குற்றமில்லாச் சான்றிதழ்

குருநகர் ஜெரிசன், வலைத் தகராறில் அலோசியஸைத் துடுப்பால் அடித்துக் கொன்றுவிட்டுப் பத்து வருடம் மறியலில் கம்பி எண்ணியவன். கனடா போவதற்காக யார் யாருடைய காலையோ பிடித்து, குற்றமே இல்லையென்று பொலிஸ் சான்றிதழ் எடுத்துவிட்டான். அதைக் கிராம சேவகரான என் மேசையில் எறிந்தான்.

"அப்பிடியொண்டும் நடக்கேல்லை, விதானையார். உங்கடை நற்சான்றையும் தாங்கோ" என்று இளித்தான்.

இந்த மாதிரிக் கழிசடைகளுக்குக் கையெழுத்துப் போடத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. போட்டேன்.

மறுநாள் அலோசியஸின் மனைவி ஜெசிதா வந்து, கணவனுடைய மரணச் சான்றிதழை என்னிடம் நீட்டினாள்.

"இது இனித் தேவையில்லை, விதானையார். அவர் காலைமை வீட்டை வந்திட்டார். தேத்தண்ணியும் வேண்டாமாம். ஜெரிசன் இப்ப எந்த வீட்டிலை எண்டுதான் கேக்கிறார்."

ஜெரிசனின் விண்ணப்பத்தைப் பார்த்து விலாசத்தை எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.