தள்ளினால் ஓடாத வண்டி

என் கணவரின் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு, தாவுராய் முற்றத்தில் நிற்கும் எங்கள் காரை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

பட்டனை அழுத்துவார். வாயாலேயே "டிக், டிக், டிக்" என்பார். இறங்கிப் போய் பானட்டைத் திறந்து, பேட்டரியை முறைத்துப் பார்த்துத் தலையைச் சொறிவார்.

கூட்டம் சிரித்தது. உள்ளே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் முகோவே அச்சு அசல் அப்படித்தான் சொறிவார்.

எங்கள் முட்டாரே ஊர் சாவு வீடுகளில் இதற்கென்று ஒருவர் உண்டு. சஹ்விரா என்போம். செத்தவரின் உயிர்த்தோழர். செத்தவரைப் போல நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பது அவர் பொறுப்பு. அவர் மட்டும் அழக்கூடாது.

"என்னடி வேடிக்கை பாக்குறீங்க மருமகள்களா, வந்து தள்ளுங்க" என்று கூவினார் தாவுராய். "தள்ளினா ஓடுமான்னு கேக்காதீங்க. ஓடாது. இது பட்டன் வண்டி. இறக்கத்துல விட்டீங்கன்னா நேரா பேட்டரிக் கடை வாசல்ல போய் நிக்கும், அதுக்கு வழி தெரியும்."

அதுவும் உண்மைதான். வருஷத்துக்கு ஒரு பேட்டரி தின்ற கார் அது.

காரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் கரண்ட் இருக்காது. தெருவே எங்கள் காரில்தான் போனுக்கு சார்ஜ் போடும். "போன் குடிக்கிறது ஒரு டம்ளர்தான். அதுக்காக உங்க வண்டி கம்ப்யூட்டரெல்லாம் விடிய விடிய முழிச்சுக் கெடக்கு" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். முகோவே கேட்டால்தானே. சாவியைக் கேட்டு யார் வந்தாலும் கொடுத்துவிடுவார்.

அவர் போன அன்று, விடியும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவரே நடந்து வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பட்டனை அழுத்தினேன்.

டிக், டிக், டிக்.

என் கூச்சல் கேட்டு வந்தவர்கள் ரோட்டுக்கு ஓடி ஒரு வண்டியை மறித்துக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முற்றத்தில் தாவுராய் தொப்பியைக் கழற்றினார். அடுத்த வேடிக்கை என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தாவுராயின் கடைசிப் பெண் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பின்தெருவுல என் லாரி நின்னுச்சு" என்றார் அவர். அது நடிப்புக் குரல் இல்லை. "மதினி என்னத்தான் கூப்பிட்டிருக்கும். எப்படிக் கேக்கும்? முந்தின நாள் பார்ல எவனோ என் போன அடிச்சிட்டான். அவன்தான் என் மாப்ளயக் கொன்னவன். அந்த போனத் தொட்ட கை வெளங்காமப் போகட்டும். என் மாப்ளயோட ஆவி அவன் வாசல்ல போய் நிக்கட்டும்."

பெரியவர்கள் "நிக்கட்டும்" என்றார்கள்.

எங்கள் ஜனங்களுக்குப் பிணம் கிடக்கும் வீட்டில் விடும் சாபம் வெறும் பேச்சில்லை. பழி தீராத ஆவி ஆளோடு நிற்காது, அவன் குடும்பத்தையே தொடரும்.

"அவன் பெத்த புள்ளைங்க..." என்று தாவுராய் ஆரம்பித்தார்.

என் மடியில் குழந்தை புரண்டு படுத்தது.

"போதும், சாபம் விடாதீங்க" என்று உள்ளிருந்து கத்தினேன். "நான் யாரையும் கூப்பிடல. என் போன்ல சார்ஜ் இல்ல."

மூத்த நாத்தனார் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். இனி இந்த வீட்டில் நான் இருப்பதா போவதா என்று சொல்லப்போகிறவள் அவள்தான்.

"தெருவுக்கே சார்ஜ் போட்ட வீட்டுல இவ போன்ல மட்டும் சார்ஜ் இல்லையாம். கேட்டுக்கங்க" என்றாள்.

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். தாவுராய் வாசலுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் கோபம் திருடனை விட்டு என் மேல் ஏறுவது தெரிந்தது. ஏறட்டும். குழந்தையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

திருடன் என்று யாரும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் நண்பர்கள் இருவரும் காருக்குள் உட்கார்ந்து ரேடியோவில் கால்பந்து கேட்டார்கள். தாவுராய் பாரிலிருந்து வந்தவர், நல்ல போதை. போனை சார்ஜில் சொருகியதையே மறந்துவிட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார். இப்போது அந்தப் போன் என் இடுப்புத் துணிக்குள் இருக்கிறது. ஆஃப் செய்து வைத்திருக்கிறேன். சார்ஜ் முழுசாக இருக்கிறது.

அன்று நான் கூப்பிட்டேன். விட்டுவிட்டுக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும், முகோவே சாய்ந்திருந்த சீட்டுக்கு அடியிலேயே மணி அடித்தது.

அந்த மணி யாருடையது என்று அவருக்கும் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்ட சொல்லிடாத" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.