மூடுபனிக்குள்ள பன்னண்டு பேரு

வினோஜன தோட்டத்து ஆபீசுக்குக் கூப்புட்டதே அந்த டிஜிட்டல் கேமராவால தான். கொழும்புக் கம்பெனி வாங்கி அனுப்புனது. தெனம் காலையில எதுத்த மலையில தேயிலக் கொழுந்து எடுக்கிறவங்கள ஒரு படம் புடிச்சு அனுப்பணும். படத்துல இல்லாத ஆளுக்கு அன்னைக்கிப் பேரு கெடையாது, சம்பளமும் கெடையாது.

"பாரும் தம்பி, எல்லாம் புள்ளி புள்ளியாக் கிடக்குது. ஒருத்தற்ற முகமும் விளங்கேல்லை," ன்னாரு பெரிய கிளாக்கர் தம்பிராசா. யாழ்ப்பாணத்து மனுசன். செம கறாரு.

வினோஜன் பொகவந்தலாவை பஜார் ஸ்டூடியோவுல நிக்கிறவன். கேமராவக் கண்டா சோறு வேணாம்.

"வெளிச்சத்த இழுக்கிற ஐஎஸ்ஓ ஆட்டோவுல கெடக்குங்க ஐயா. பனிக்குள்ள வெளிச்சம் பத்தலன்னு அதுவே ஆயிரத்தி அறுநூறுக்கு ஏறிக்கிது. அதான் புள்ளி."

நூறுல நிறுத்துனான். இனி படம் விழ கால் செக்கன் ஆகும், கை ஆடிரும். கேமராவ ஜன்னல் கட்டையில வச்சு டைமரப் போட்டான்.

படம் பளிச்சுன்னு வந்துச்சு. அவனுக்கே புல்லரிச்சிருச்சு. பெறகு தான் ஒண்ணு இடிச்சுச்சு. கால் செக்கன்ல கொழுந்து கிள்ளுற கை கலங்கித் தானே விழணும்? பன்னண்டு பேர்ல ஒருத்தரும் அசையல.

பெருசாக்கிப் பாத்தான். கையே இல்ல. குச்சியில மாட்டுன கம்பளிங்க. மூணாவது பச்சக் கம்பளி அவன் அம்மா மீனம்மாவோடது. காலையில வேலைக்குன்னு தானே போனாங்க?

தம்பிராசாவும் எட்டிப் பாத்துட்டாரு. "ஓ, கங்காணி சோலைமலையின்ர விளையாட்டோ உது? பன்னிரண்டு பேரையும் இண்டைக்கே வேலையால நிப்பாட்டுறன்."

"கேமரா கோளாறுங்க ஐயா. நூறுல வச்சா ஆளு குச்சி மாதிரித் தான் தெரியும்."

"எனக்குக் கதை விடாதேயும்."

அந்நேரம் பாத்து தோட்டத்து மேனேஜர் தொரை உள்ள வந்தாரு. தம்பிராசா கேமராவ நீட்டுனாரு. தொரை பாத்தாரு, பெருசாக்கியும் பாத்தாரு. அம்மா வேல போச்சுன்னு வினோஜன் முடிவே பண்ணிட்டான்.

"கொழும்புக்கு அனுப்பியாச்சா?"

"இன்னும் இல்லை சேர்."

தொரை பெருமூச்சு விட்டுட்டு வினோஜன் பக்கம் திரும்புனாரு. "தம்பி, இத அழிச்சிட்டு பழையபடி ஆட்டோவுலயே வையி."

"சேர், இந்தக் கள்ளக் கூட்டத்தை…"

"அவங்க என்னோட சொந்த மரக்கறித் தோட்டத்துல லீக்ஸ் புடுங்குறாங்க கிளாக்கர், இந்தக் குச்சி பன்னண்டையும் நட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு இடுப்பே விட்டுப் போச்சு."